நூமேரோவின் நான்காவது எழுத்து

பிரெஞ்சில் எண்ணை 'நூமேரோ' என்பார்கள். எழுத்துகளின் ஆங்கிலப் பெயரால் சொன்னால் என், யூ, எம், ஈ, ஆர், ஓ என்று ஆறே எழுத்து. நான்காவதாக வரும் 'ஈ'யின் தலையில் மட்டும் வலப்பக்கமாக ஏறும் சிறு கோடு ஒன்று உண்டு. அது அலங்காரம் அல்ல. நம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் போல ஒலியைத் தீர்மானிப்பது. இந்தக் கட்டுரையில் அதைத் 'தலைக்கோட்டு ஈ' என்றே அழைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பிரான்சில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்காக விலைப்பட்டியல் அனுப்பும் செயலி ஒன்றை எங்கள் குழு செய்து கொடுத்தது. மின்னஞ்சலின் தலைப்பு, பட்டியலின் பத்திப் பெயர்கள் எல்லாம் நிரலுக்கு வெளியே ஓர் அமைப்புக் கோப்பில் இருந்தன. எடிட்டரில் திறந்தால் நூமேரோ லட்சணமாக நின்றது. வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்த மின்னஞ்சலிலோ நான்காவது எழுத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் தலையில் அலைக்கோடு போட்ட பெரிய 'ஏ' ஒன்றும், அதை ஒட்டி வட்டத்துக்குள் 'சி' எழுதிய காப்புரிமைக் குறியும் நின்றன. ஆறு எழுத்துச் சொல் ஏழாகியிருந்தது. அந்த ஏழிலேயே விடை இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"கோட்டை எடுத்துவிட்டு வெறும் ஈ போட்டால் என்ன? அவர்களுக்குப் புரியுமே" என்றார் குழுவில் ஒருவர். புரியும்தான். 'தமில்' என்று எழுதினால்கூட நமக்குப் புரியும். அதற்காக நம் பெயர்ப்பலகையில் அப்படி எழுத விடுவோமா? கோட்டை எடுப்பது பழுது பார்ப்பது ஆகாது.

கோப்புக்குள் எழுத்து இல்லை

தொடக்கநிலையில் எல்லோரும் இடறி விழும் இடம் இதுதான். கோப்பைத் திறந்தால் எழுத்து தெரிகிறது. ஆகவே கோப்புக்குள் எழுத்து இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் உள்ளே இருப்பவை வெறும் எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண். இதைத்தான் பைட் என்கிறோம். எந்த எண் எந்த எழுத்து என்பதைச் சொல்லும் அட்டவணை கோப்புக்கு வெளியே இருக்கிறது. எழுதியவர் ஓர் அட்டவணையை வைத்து எழுத்தை எண்ணாக மாற்றினார். வாசிப்பவர் ஓர் அட்டவணையை வைத்து எண்ணை எழுத்தாக மாற்றுகிறார். இருவர் கையிலும் ஒரே அட்டவணை இருந்தால் நூமேரோ நூமேரோவாக வந்து சேரும். அந்த அட்டவணை முறைக்குப் பெயர்தான் குறியாக்கம்.

சாதாரண உரைக் கோப்பில் தொல்லை என்னவென்றால், எந்த அட்டவணையைக் கொண்டு எழுதினோம் என்பதை அது எங்குமே குறித்து வைப்பதில்லை. முகவரி இல்லாத கடிதம்போல. வாசிக்கும் செயலி ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் அட்டவணைகளில் ஒன்று 1963-இல் வந்த ஆஸ்கி. அதில் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் அதில் அடங்கிவிடும். தலைக்கோட்டு ஈக்கு இடமில்லை. பைட்டில் 256 எண்கள் இருக்கும்போது மீதி 128 இடங்களை வீணாக்குவானேன் என்று ஒவ்வொரு வட்டாரமும் தனக்கு வேண்டியதை அங்கே நிரப்பிக்கொண்டது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1987-இல் ஐஎஸ்ஓ 8859-1 வந்தது. செல்லப் பெயர் லத்தீன்-1. அதில் தலைக்கோட்டு ஈயின் எண் 233. அதே 233 கிரேக்க அட்டவணையில் அயோட்டா என்னும் எழுத்து. ரஷ்ய மொழிக்கான விண்டோஸ்-1251 அட்டவணையில் வேறோர் எழுத்து. தமிழர்களுக்கு இது புதிய கதை அல்ல. திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஒரே எண்களின்மேல் ஆளுக்கொரு தமிழை ஏற்றி வைத்து, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது தெரிந்த கோலத்தை நாமும் பார்த்திருக்கிறோம்.

1991-இல் வெளிவந்த யூனிகோட் இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே வரிசை எண் முறையை வைத்தது. முதல் 256 எண்களை லத்தீன்-1 அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே யூனிகோட்டிலும் தலைக்கோட்டு ஈயின் எண் 233-தான். 'அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே' என்று நினைப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். எழுத்தின் வரிசை எண் 233. ஆனால் கோப்பில் எழுதும்போது அதை எத்தனை பைட்டாக, எப்படி எழுதுவது என்பது தனிக் கேள்வி. இன்று பெரும்பாலும் பயன்படும் பதில் யூடிஎஃப்-8. 1992-இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கணினி அறிஞர் கென் தாம்சன் இதை வரைந்தார். உடன் இருந்தவர் ராப் பைக்.

அந்த முறைப்படி 127 வரை உள்ள எண்கள் ஆஸ்கியில் இருந்தபடியே ஒரு பைட். அதற்கு மேற்பட்டவை இரண்டு, மூன்று அல்லது நான்கு பைட்டுகள். தலைமைப் பைட் 194-க்குக் கீழே வராது. அதைத் தொடரும் பைட்டுகள் எப்போதும் 128 முதல் 191 வரைதான். தலைக்கோட்டு ஈ இரண்டு பைட் ஆகிறது: 195, 169.

இப்போது நூமேரோவை அருகில் வைத்துப் பார்ப்போம். லத்தீன்-1 முறையில் சேமித்தால் கோப்பில் இருப்பது: 78, 117, 109, 233, 114, 111. ஆறு பைட். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால்: 78, 117, 109, 195, 169, 114, 111. ஏழு பைட். இந்த ஏழையும் லத்தீன்-1 அட்டவணையை வைத்துக்கொண்டு ஒருவர் வாசித்தால் என்ன ஆகும்? அந்த அட்டவணையில் 195 என்பது அலைக்கோடு போட்ட பெரிய ஏ. 169 என்பது காப்புரிமைக் குறி. எங்கள் மின்னஞ்சலில் நின்ற அதே இரட்டையர்.

குப்பையைப் படிக்கக் கற்றுக்கொள்வது

சிதைந்த எழுத்தைப் பார்த்ததும் பலர் எடிட்டரில் கண்டபடி அமைப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பொறுங்கள். அந்தக் குப்பையின் உருவமே யார் தவறு செய்தார் என்று சொல்லிவிடும்.

ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குறிகள், முதலாவது அலைக்கோட்டு ஏ என்றால், கோப்பு யூடிஎஃப்-8. வாசித்தவர் லத்தீன்-1 அல்லது அதன் நெருங்கிய உறவான விண்டோஸ்-1252 என்று நினைத்துக்கொண்டார். கோப்பில் பிழை இல்லை. வாசிப்பவரைத் திருத்துங்கள்.

எழுத்தின் இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் நிலைமை நேர்மாறு. கோப்பு லத்தீன்-1, வாசித்தவர் யூடிஎஃப்-8 என்று நம்பினார். தனியாக வரும் 233-ஐ யூடிஎஃப்-8 'மூன்று பைட் எழுத்தின் தலைமை' என்று எடுத்துக்கொண்டு அடுத்த பைட்டைப் பார்க்கிறது. அங்கே 114 இருக்கிறது, 128-க்குக் கீழே. 'இது செல்லாது' என்று வைரத்தைப் போட்டுவிட்டு நகர்கிறது.

நான்கு குறிகள் தெரிந்தால், ஏற்கெனவே சிதைந்ததை யாரோ நல்ல எழுத்து என்று நம்பி மறுபடியும் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்கிறார். இரட்டைக் குறியாக்கம். இதைத் தலைகீழாகச் சுற்றி மீட்க முடியும்.

வைரமும் இல்லாமல் வெறும் கேள்விக்குறி மட்டும் இருந்தால் வருத்தம்தான். தன் அட்டவணையில் இல்லாத எழுத்தை எழுதச் சொன்னபோது ஒரு செயலி கேள்விக்குறியை எழுதிவிட்டது. அது இப்போது உண்மையிலேயே 63 என்ற பைட். மூல எழுத்து போய்விட்டது. காப்புப் பிரதியைத் தேடுங்கள். 239, 191, 189 என்ற மூன்று பைட்டுகள் கோப்புக்குள்ளேயே கிடந்தாலும் இதே கதி. அது அந்தக் கறுப்பு வைரத்தையே யாரோ சேமித்துவிட்டதன் தடயம்.

தமிழுக்கும் ஒரு கைரேகை உண்டு. தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். எல்லாமே 224, 174 அல்லது 224, 175 என்றுதான் தொடங்கும். லத்தீன்-1 கண்ணாடி வழியே பார்த்தால், தலையில் இடப்பக்கம் ஏறும் கோட்டோடு ஒரு சிறிய ஏ. அதன் பக்கத்தில் பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்'. இந்த ஜோடி வரிசையாக ஓடுவதைப் பழைய மின்னஞ்சல்களில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தால் 'உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது' என்று நிம்மதி அடையலாம்.

ஜாவாவின் பழைய வழக்கம்

எங்கள் செயலி ஜாவாவில் எழுதப்பட்டது. அமைப்புக் கோப்பு 'பிராப்பர்ட்டீஸ்' வகை: இடப்பக்கம் பெயர், சமக்குறி, வலப்பக்கம் மதிப்பு. இந்த வகைக் கோப்பைப் பைட் ஓடையாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஜாவா அதை லத்தீன்-1 என்றே எடுத்துக்கொள்ளும். இது பிழை அல்ல. ஆவணத்தில் எழுதி வைத்திருக்கும் விதி. லத்தீன்-1 அட்டவணையில் இல்லாத எழுத்து வேண்டுமென்றால் பின்சாய்கோடு, சிறிய 'யூ', பிறகு யூனிகோட் எண்ணைப் பதினாறடிமானத்தில் (9-க்குப் பின் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கங்களாக வரும் எண்முறை) நான்கு இலக்கம் என்று எழுத வேண்டும். தலைக்கோட்டு ஈக்கு அந்த நான்கு இலக்கம் 00ஈ9, அதாவது அதே 233. இப்படி மாற்றித் தருவதற்கென்றே 'நேட்டிவ்டுஆஸ்கி' என்ற சிறு கருவி ஜாவா 8 வரை கூடவே வந்தது.

2017-இல் வந்த ஜாவா 9, மொழிபெயர்ப்புகளுக்கான 'ரிசோர்ஸ் பண்டில்' கோப்புகளை முதலில் யூடிஎஃப்-8 என்று வாசிக்கத் தொடங்கியது. 2022-இல் ஜாவா 18 பொதுவான இயல்புக் குறியாக்கத்தையே யூடிஎஃப்-8 ஆக்கியது. இந்த இரண்டு செய்தியையும் கேட்டவர்கள் 'இனிக் கவலை இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் பிராப்பர்ட்டீஸ் கோப்பை வெறும் பைட் ஓடையாக நீங்களே திறந்து கொடுத்தால் இன்றும் லத்தீன்-1தான். ஓடையை யூடிஎஃப்-8 என்று சொல்லி, பைட்டுகளை எழுத்தாக மாற்றித் தரும் ஒரு 'ரீடர்' மூலம் திறந்து, அதைக் கொடுக்க வேண்டும். அந்த வசதி ஜாவா 6 முதல் இருக்கிறது. ஒரு வரி வேலை.

நான் அந்த ஒரு வரியைச் செய்யவில்லை. அவசரத்தில் கோப்பை எடிட்டரில் லத்தீன்-1 ஆக மாற்றிச் சேமித்தேன். நூமேரோ உடனே சரியாகிவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

சில வாரங்கள் கழித்து விலைப்பட்டியலில் கூலிச் செலவுக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். பிரெஞ்சில் அது 'மேன் தெவ்ர்'. அதன் நடுவில் ஓவும் ஈயும் ஒட்டிப் பிறந்ததுபோல ஓர் எழுத்து வரும். லத்தீன்-1 அட்டவணையில் அந்த எழுத்தே கிடையாது. பிரெஞ்சு மொழிக்கும் சேர்த்துச் செய்த அட்டவணையில் பிரெஞ்சு எழுத்து ஒன்று விடுபட்டுப்போனது. யூரோ நாணயக் குறியும் அதில் இல்லை. 1987-இல் அப்படியொரு நாணயமே இல்லையே. 1999-இல் வந்த ஐஎஸ்ஓ 8859-15 இரண்டையும் சேர்த்துக்கொண்டது. அதற்குள் பழையது உலகம் முழுக்க வேரூன்றிவிட்டது. எடிட்டர் ஒன்றுமே சொல்லாமல் கூலி வரியில் ஒரு கேள்விக்குறியும், தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறியும் போட்டுச் சேமித்திருந்தது. விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி என்றால் வாடிக்கையாளருக்கு எப்படி இருக்கும்!

மற்ற வகை அமைப்புக் கோப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜேசன், டாம்ல் கோப்புகள் யூடிஎஃப்-8. யாம்ல் வேறு யூனிகோட் வடிவங்களையும் ஏற்கும், நடைமுறையில் யூடிஎஃப்-8தான். எக்ஸ்எம்எல் பெரும்பாலும் முதல் வரியிலேயே தன் குறியாக்கத்தைச் சொல்லிவிடும்; அந்த வரி உண்மை பேசுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐஎன்ஐ கோப்புக்குப் பொது விதி எதுவும் கிடையாது. பைத்தானில் அதை வாசிக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டால், கணினியின் வட்டார அமைப்பை அது கேட்டுக்கொள்வதுதான் நெடுநாள் வழக்கம். 'என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை' என்ற புலம்பலில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது.

பழுது பார்க்கும்போது

முதலில் பைட்டுகளைப் பாருங்கள். எடிட்டரை நம்ப வேண்டாம். அதுவும் ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டுதான் காட்டுகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் 'ஓடி' என்ற கட்டளையைத் தக்க தெரிவோடு கொடுத்தால் பைட்டுகளைப் பத்தடிமான எண்களாகவே காட்டும். சந்தேகமான எழுத்தின் இடத்தில் 233 இருக்கிறதா, 195-169 இருக்கிறதா? ஒரு நிமிட வேலை, பல மணி நேர வாக்குவாதம் மிச்சம்.

மாற்றுவதற்கு 'ஐகான்வ்' என்ற கட்டளை இருக்கிறது. எதிலிருந்து எதற்கு என்று இரண்டையும் சொல்ல வேண்டும். இதில் இரண்டு பள்ளங்கள். வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பினால் வாசிக்கும் முன்பே கோப்பு காலியாகிவிடும்; புதிய பெயரில் எழுதிப் பிறகு பெயரை மாற்றுங்கள். இரண்டாவது இன்னும் நைச்சியமானது. லத்தீன்-1 எந்தப் பைட்டையும் மறுக்காது. 256-க்கும் அதனிடம் இடமுண்டு. ஆகவே ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருக்கும் கோப்பை லத்தீன்-1 என்று சொல்லி மறுபடி மாற்றினாலும் ஐகான்வ் முணுமுணுக்காமல் செய்து முடிக்கும்; உங்களுக்குக் கிடைப்பது இரட்டைக் குறியாக்கம். மாற்றும் முன் யூடிஎஃப்-8 முறையிலிருந்து யூடிஎஃப்-8 முறைக்கே ஒருமுறை மாற்றச் சொல்லிப் பாருங்கள். யூடிஎஃப்-8 கண்டிப்பானது. பிழை சொல்லாமல் முடிந்தால், பெரும்பாலும் கோப்பு முன்பே சரியாகத்தான் இருக்கிறது.

விஎஸ் கோட் எடிட்டரின் கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தின் பெயர் தெரியும். அதைச் சொடுக்கினால் இரண்டு வழி: இந்தக் குறியாக்கத்தில் மறுபடி திற, இந்தக் குறியாக்கத்தில் சேமி. திறப்பது பார்வையை மட்டும் மாற்றும். சேமிப்பது பைட்டுகளையே மாற்றும். சிதைந்து தெரியும்போது முதலில் 'மறுபடி திற'. எழுத்து சரியாகத் தெரிந்த பிறகுதான் 'சேமி'. வரிசை மாறினால் சேதம் நிரந்தரமாகிவிடும்.

கண்டுபிடித்து மாற்று என்ற வசதியால் குப்பை எழுத்துகளைத் துடைக்கப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடப்பக்கக் கோடு போட்ட சிறிய ஏ, யூடிஎஃப்-8 முறையில் 195, 160. லத்தீன்-1 அட்டவணையில் 160 என்பது பிரியா இடைவெளி. கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும். திரையில் அலைக்கோட்டு ஏ மட்டும் தெரியும், கூட்டாளி மறைந்திருப்பார். யாராவது அந்த இடைவெளியைச் 'சுத்தம்' செய்தால் 160 என்பது 32 ஆகிவிடும். பிறகு ஐகான்வ் போன்ற நேரடி மாற்றுக் கருவியால் சரிசெய்ய முடியாது.

கண்ணில் படாத இன்னொன்று, கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் பைட் வரிசைக் குறி. சுருக்கப் பெயர் 'பாம்', வெடிகுண்டுபோல ஒலிக்கும் பொருத்தமான பெயர். 239, 187, 191 என்று மூன்று பைட். சில எடிட்டர்கள் யூடிஎஃப்-8 என்று அடையாளம் காட்ட இதை முன்னால் வைக்கும். அதை எதிர்பார்க்காத செயலி முதல் வரியில் உள்ள பெயரோடு அதையும் சேர்த்துப் படித்துவிட்டு, 'அப்படியொரு பெயரே இல்லை' என்று சாதிக்கும். கோப்பில் முதல் அமைப்பு மட்டும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் சந்தேகம் வேண்டாம். பாம் இல்லாத யூடிஎஃப்-8 என்று சேமியுங்கள். விண்டோஸ் நோட்பேட் 2019 முதல் இயல்பாகவே அப்படிச் சேமிக்கிறது.

கடவுச்சொல்லில் தலைக்கோட்டு ஈ இருந்தால் திரையில் எந்தக் குப்பையும் தெரியாது. 'கடவுச்சொல் தவறு' என்று மட்டும் வரும். தரவுத்தளத்தின் அனுமதிகளைத் துருவிக்கொண்டிருப்பீர்கள். கோளாறோ அமைப்புக் கோப்பில் இருக்கும்.

பைட்டுகளெல்லாம் சரியாக இருந்தும் ஒப்பீடு தோற்பதும் உண்டு. தலைக்கோட்டு ஈயை ஒரே எழுத்தாகவும் எழுதலாம். வெறும் ஈ, பின்னால் ஒட்டும் கோடு என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, பைட்டில் வேறு. தமிழிலும் 'கொ' அப்படித்தான்: ககரத்துக்குப் பின் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டாலும், இரண்டும் சேர்ந்த ஒரே குறியை இட்டாலும் யூனிகோட் விதிப்படி சமம்; ஒப்பிடும் முன் இயல்பாக்கம் (இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) செய்யாத செயலிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள்.

கடைசியில் அந்த ஒரு வரியை எழுதினோம். கோப்பை யூடிஎஃப்-8 முறைக்கு ஒரே ஒருமுறை மாற்றினோம். குழுவின் எடிட்டர்களுக்குப் பொது அமைப்பைச் சொல்லும் 'எடிட்டர்கான்ஃபிக்' கோப்பில் அதையே எல்லோருக்கும் இயல்பாக வைத்தோம். அதோடு அமைப்புக் கோப்பில் சோதனைக்கென்று ஒரு வரி சேர்த்தோம். அதன் மதிப்பு நான்கே எழுத்து: தலைக்கோட்டு ஈ, கூலி வரியில் வந்த ஒட்டெழுத்து, யூரோ குறி, கடைசியாக ஓர் 'அ'. செயலி தொடங்கும்போது இந்த வரியை வாசித்து, நிரலுக்குள் யூனிகோட் எண்களாக எழுதி வைத்திருக்கும் அதே நான்கோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் தொடங்க மறுத்துவிடும். இதுவரை இரண்டு முறை மறுத்திருக்கிறது. இரண்டு முறையும் யாரோ புதிய கணினியில் கோப்பைத் திறந்து சேமித்த மறுநாள். வாடிக்கையாளருக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அந்த 'அ' நான் சேர்த்தது: 224, 174, 133.